அம்மாவின் கண்ணைக் கம்ப்யூட்டர் பார்த்தால் போதுமா?

கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு ஊர். அம்மாவுக்கு 62 வயது, சுகர் வந்து 14 வருடம். ஊரில் நடந்த முகாமில் கண்ணைப் படம் எடுத்து, "ஏஐ பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். துபாயில் இருக்கும் அண்ணன் அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைச் சாட்பாட்டில் போட்டிருக்கிறார். கிரியேட்டினின் 1.3 இருப்பதால் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டது அது. இரண்டையும் நம்பலாமா? மருத்துவத்துக்குள் ஏஐ வருவது மொத்தத்தில் நல்லதா, தொல்லையா?

நான் கண் டாக்டர் இல்லை. நாகர்கோவிலில் 22 வருடமாக எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன். நாலு வருடமாக ஒரு ஏஐ சாஃப்ட்வேரும் என்னோடு சேர்ந்து அதே படங்களைப் பார்க்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அவசரமானதை முடித்துவிடுவோம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கிரியேட்டினின் 1.3 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அந்த எண், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். இப்போது பரவலாகப் பயன்படும் 2021-ஆம் வருடச் சூத்திரத்தில் போட்டால் 62 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 46 வருகிறது. அதே 1.3, அதே வயது, ஆள் மட்டும் ஆண் என்றால் சுமார் 62. மெட்ஃபார்மினைப் பொதுவாக இது 30-க்குக் கீழே போனால்தான் நிறுத்துவார்கள். 30-க்கும் 45-க்கும் நடுவில் என்றால் அளவைக் குறைப்பார்கள், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அம்மா 45 என்ற எல்லைக்கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார், ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில். அதனால் மருந்து எழுதிய டாக்டரிடம் இந்தச் சீட்டைத் தாமதிக்காமல் காட்டுங்கள். நிறுத்துவதா குறைப்பதா என்று அவர் சொல்லட்டும்.

அண்ணன் வயதையும், அம்மா என்பதையும் சொல்லிக் கேட்டாரா, வெறும் சீட்டை மட்டும் போட்டாரா? சொல்லாவிட்டால் அது திரும்பக் கேட்டிருக்க வேண்டும். நேற்றுச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன்கூட "யாருக்கு, என்ன வயசு?" என்று கேட்பான். சாட்பாட் பல நேரம் கேட்பதில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு சரளமாகப் பேசிவிடும். வில்லங்கமே அந்தச் சரளத்தில்தான் இருக்கிறது. தடுமாறிப் பேசுகிறவனை நாம் இரண்டு தடவை கேட்போம், கோர்வையாகப் பேசுகிறவனை உடனே நம்பிவிடுவோம். ஆனால் அண்ணனைத் திட்டாதீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு அம்மாவின் உடம்பைப் பற்றிக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளுக்கு எளிய தமிழில் விளக்கம் கேட்க, டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போட அது நன்றாகவே உதவும். மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் அதனிடம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இனி கண். சர்க்கரையால் விழித்திரையில் வரும் கோளாறு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பார்வை மங்குகிறது என்று நோயாளி சொல்லும்போது பெரும்பாலும் காரியம் முற்றியிருக்கும். முன்பே கண்டுபிடித்தால் லேசரோ ஊசியோ போட்டுப் பார்வையைக் காப்பாற்றலாம். அதனால் சுகர் உள்ள எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவர்கள் லட்சக்கணக்கில், பார்க்கத் தெரிந்த டாக்டர்கள் குறைவு. இந்த இடைவெளியில்தான் ஏஐ நுழைந்தது, சரியாகவே நுழைந்தது. 2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்து 28 ஆயிரம் விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு முறையை வெளியிட்டார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற நம் ஊர்க் கண் மருத்துவமனைகளின் பங்கும் அந்த ஆய்வில் உண்டு. 2018 ஏப்ரலில் அமெரிக்காவில், டாக்டர் படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லும் ஒரு கண் கருவிக்கு முதல்முறையாக அனுமதி கிடைத்தது. சோதனையில் அது நோய் உள்ளவர்களில் 87 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக வீட்டுக்கு அனுப்பியது. யாருமே பார்க்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் நோய் உள்ள நூறு பேரில் 13 பேர் நழுவினார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

"ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையை மட்டும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். இந்த மாதிரிக் கருவி, பழக்கிய கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று கேட்கப் பழக்கியிருந்தால் அதற்குத்தான் பதில் கிடைக்கும். கண் அழுத்த நோய், கண்புரை, கண்ணாடி மாற்ற வேண்டுமா என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே இருக்காது. அந்தக் கேள்விகளை யாருமே கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. 62 வயதில் கண்ணில் புரை லேசாக ஆரம்பித்திருந்தாலே படம் மங்கலாக வரும். நேர்மையான கருவி "படம் சரியில்லை, முடிவு சொல்ல முடியாது" என்று சொல்ல வேண்டும். தாய்லாந்தில் 11 சிறு மருத்துவமனைகளில் கூகுளின் கருவியை வைத்துப் பார்த்தார்கள், 2020-ல் அதைப் பற்றி எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்கள் போட்டதில் 21 சதவீதத்தைக் கருவி ஏற்கவே இல்லை. காரணம் பெரிய விஞ்ஞானமில்லை. படம் எடுக்கப் போதுமான இருட்டு அறை பல இடங்களில் இல்லை. இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் வரிசை நீண்டது. படம் தேறாதவர்களை வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், அதற்காக ஒரு நாள் வேலையை விட வேண்டிய கூலிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கண்ணாடி போட்ட ஆய்வுக்கூடத்தில் ஜெயித்த கருவி, மின்விசிறி ஓடும் கூடத்தில் திணறியது. நம் ஊர் முகாம்கள் எங்கே நடக்கின்றன? பள்ளிக்கூட வராந்தாவிலும் கோயில் மண்டபத்திலும் சர்ச் ஹாலிலும்தானே.

சரி, என் துறைக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட ஏஐ சாஃப்ட்வேரைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். மும்பையில் 2016-ல் தொடங்கிய கியூர் டாட் ஏஐ நிறுவனத்தின் சாஃப்ட்வேர் இன்று பல நாடுகளில் இந்த வேலையைச் செய்கிறது. கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவியோடு இதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்குப் போய் வந்தவர்களுக்குப் புரியும். ஒரு எக்ஸ்ரேக்காக மலையிறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாள் ரப்பர் பால்வெட்டுக் கூலியை விட்டு, படத்தை எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால் யார் வருவார்கள்? கருவி அங்கேயே போய், நிமிஷத்தில் "இவருக்குச் சளிப் பரிசோதனை அவசியம்" என்று சொன்னால் நோயாளி கையைவிட்டுப் போவதில்லை. ஏஐயின் நன்மை என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எனக்கே அது உதவியிருக்கிறது. ஒரு சாயங்காலம், அன்றைக்கு எண்பதாவதோ தொண்ணூறாவதோ படம். இருமல் என்று வந்த ரப்பர் தொழிலாளி. நான் "இயல்பு" என்று எழுதப் போனேன். சாஃப்ட்வேர் இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒரு சிறு வட்டத்தைப் போட்டுக் காட்டியது. இதயத்துக்குப் பின்னால் இருப்பதைத் தவறவிடுவது எங்கள் தொழிலில் பழைய பாவம், படிக்கும்போதே எச்சரிப்பார்கள். சிடி எடுத்தோம், அங்கே கட்டி இருந்தது. எனக்குத் தெரியாததை அது கண்டுபிடிக்கவில்லை. எனக்குக் களைப்பு, அதற்குக் களைப்பில்லை. அந்த நோயாளிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இனி மறுபக்கம். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல் நுனியில் உட்காரும். நம் ஊர்ப் பெண்களின் சடை, தோளின் மேல் விழுந்து கிடந்தால் எக்ஸ்ரேயில் அதே மேல் நுனியில்தான் நிழல் விழும். ஈரத் தலையோடு இறுக்கிப் பின்னியிருந்தால் கேட்கவே வேண்டாம், அச்சு அசலாக நோய் மாதிரி இருக்கும். எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன் இருபது வருடமாக "முடியத் தூக்கிக் கட்டுங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லியே படம் எடுப்பவர். அவர் விடுமுறையில் போன ஒரு வாரம் சாஃப்ட்வேர் மூன்று பெண்களுக்குக் காசநோய்ச் சந்தேகம் என்று கொடி காட்டியது. மூன்றும் சடை. மறுபடி எடுத்துப் பார்த்துச் சிரித்தோம், சரிதான். ஆனால் அதில் ஒரு பெண்ணுக்கு அந்த மாதம் நிச்சயதார்த்தம். "டிபி சந்தேகம்" என்ற தாள் வீட்டுக்குப் போயிருந்தால்?

இந்தத் தவறு அபூர்வமானது என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊரில் ஆயிரம் பேருக்குப் பரிசோதனை, அதில் பத்துப் பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி 90 சதவீதம் சரி. பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும், பாராட்டலாம். ஆனால் நோயில்லாத 990 பேரில் பத்து சதவீதம், அதாவது 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். கொடி காட்டிய 108 பேரில் 9 பேருக்குத்தான் நோய். விளம்பரத்தில் வரும் "90 சதவீதத் துல்லியம்" வீட்டு வாசலுக்கு வரும்போது பன்னிரண்டில் ஒன்றாகிவிடுகிறது. கருவியின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன், அரிதான நோயைத் தேடும் எந்தப் பரிசோதனைக்கும் இதுதான் விதி. அதனால்தான் கொடி விழுந்த 108 பேருக்கும் அடுத்த பரிசோதனை செய்ய ஆளும் இடமும் இருக்கிறதா என்று பார்க்காமல் கருவியை வாங்குவது, வலையை வாங்கிவிட்டு வள்ளத்தை மறந்த கதை.

அப்புறம் எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். ஏஐ யாருடைய உடம்பைப் பார்த்துப் பழகியது? நம் மாவட்டம் 1956 நவம்பர் வரைக்கும் கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நோய்களும் அந்தப் பக்கத்து உறவோடுதான் இருந்தன. மது தொடாத இளவயதுக்காரருக்குக் கணையத்தில் கல், தீராத வயிற்றுவலி, அதோடு சர்க்கரை. இந்த நோயைப் பற்றிக் கேரளத்து டாக்டர்கள் 1960-களில் விரிவாக எழுதினார்கள். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கின் மேல்கூடச் சந்தேகம் விழுந்தது, நிரூபணம் ஆகவில்லை. கணையத்தில் கல் என்றதும் "குடிப்பழக்கம் உண்டா?" என்று மேல்நாட்டுப் பாடப்புத்தகம் முதலில் கேட்கும், அதைப் படித்துப் பழகிய ஏஐயும் அதைத்தான் கேட்கும். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்த சாமர்வெல் டாக்டரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தார். தென் திருவிதாங்கூரில் சிறுகுடல் புண் எவ்வளவு அதிகம் என்பதை அவர் லண்டனில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இங்கே ஆயிரக்கணக்கானவர்களின் வயிற்றைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். ஏஐக்கும் இதே வழிதான். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறவர்களின் படங்கள் அதற்குள் போகாவிட்டால், அது ஆசாரிபள்ளத்துக்காரர்களை அரைகுறையாகத்தான் தெரிந்துகொள்ளும்.

மொழியும் அப்படியே. டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் சாஃப்ட்வேர்கள் வந்துவிட்டன. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்பது பெரிய லாபம், நான் மறுக்கவில்லை. ஆனால் விளவங்கோடு பக்கத்துப் பாட்டி "மூணு நாளா பனிக்குது மக்களே" என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். சென்னைத் தமிழில் பழகிய கருவி குளிர் என்று எழுதும். "தலை கிறங்குது" என்பதை என்ன என்று எழுதுமோ. குறிப்பெழுதும் கருவிகள் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதும் உண்டு. அதனால் அதைத் திரும்ப வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் டாக்டரை நான் நம்ப மாட்டேன்.

ஆஸ்பத்திரி நிர்வாகம், பில், மருந்து இருப்பு, டோக்கன் போன்றவற்றில் ஏஐ வருவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தப்பு நடந்தாலும் உயிர் போகாது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் நல்ல சேதி இருக்கிறது. ஸ்வீடனில் 80 ஆயிரம் பெண்களை வைத்து நடத்திய சோதனையின் முதல் முடிவு 2023-ல் வந்தது. ஏஐ துணையோடு பார்த்தபோது டாக்டர்கள் படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, ஆயிரம் பேருக்கு ஐந்து என்ற இடத்தில் ஆறு புற்றுநோய்கள் பிடிபட்டன. ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகத் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறும் நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு சும்மா அல்ல.

எதிர்ச் சேதியும் உண்டு. போலந்தில் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர்களுக்கு ஏஐ துணை கொடுத்தார்கள். கொஞ்ச காலம் பழகியபின், ஏஐ இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளில் புற்றுக்கு முந்தைய கட்டிகளைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது என்று 2025-ல் எழுதினார்கள். ஒரே ஒரு நாட்டு ஆய்வு, வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இப்போது நான் படத்தை முதலில் என் கண்ணால் பார்த்து முடிவை எழுதிவிட்டுத்தான் சாஃப்ட்வேரின் வட்டத்தைத் திறக்கிறேன். நேரம் கொஞ்சம் கூடும். பரவாயில்லை.

பொறுப்பு யாருக்கு என்பதில் நம் நாட்டு விதி ஒரு இடத்தில் தெளிவாக இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், ஏஐ நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்கின்றன. பதிவுபெற்ற டாக்டருக்குத் துணையாக இருக்கலாம், கடைசி வார்த்தை டாக்டருடையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023-ல் ஏஐக்கென்று தனி நெறிமுறைகள் வெளியிட்டது. அதே வருடம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் கண்டது வேறு. நோயாளியின் பெயரும் செல்போன் எண்ணும் தெரிகிற மாதிரியே படங்களை வாட்ஸப் குழுவில் போட்டு "ஏஐ என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் பயம்.

இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. தமிழ்நாட்டில் 2022-ல் காசநோய் இறப்பைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். தொடங்கியபோது அதில் ஏஐ கிடையாது. எடை, உயரம், காலில் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவ்வளவையும் நோய் கண்ட நாளிலேயே பார்த்து, மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் திட்டம். இதற்கு ஒரு தராசும் நாடாவும் விரலில் மாட்டும் கருவியும் போதும். ஏஐ வாங்கப் பணம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் தராசு ஓடுகிறதா என்றுதான்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். முகாமில் கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு கண்ணின் படமும் "தேறியது" என்று இருக்கிறதா, எந்த நோய்க்காகப் பார்த்தார்கள், கீழே டாக்டர் பெயர் இருக்கிறதா? "ஒண்ணுமில்ல" என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சுகர் வந்து 14 வருடம் ஆனவருக்கு, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்போது, கண்ணையும் ஒரு தடவை டாக்டர் நேராகப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் விழித்திரையின் நுண்குழாய்களும் சர்க்கரைக்கு ஒரே மாதிரிதான் பலியாகின்றன. கண் அழுத்தமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வருடத்திலிருந்து முகாமில் ஏஐ படம் எடுத்தாலே போதுமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள், பலருக்குப் போதும் என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்குக் கண்மணி விரிய மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும். கருங்கலிலிருந்து அம்மாவைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பிவிடாதீர்கள், கூட யாராவது போங்கள்.